வெதுவெதுப்பான கடலில் எனக்கு மட்டும் ஏன் குளிர்கிறது?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 44. உயரம் 158 செ.மீ., எடை 49 கிலோ. கணவருக்கு 51 வயது, 172 செ.மீ., 88 கிலோ. கணவர் ரத்த அழுத்தத்துக்குச் சில ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இருவரும் சென்ற ஆண்டுதான் ஸ்கூபா டைவிங் கற்றுச் சான்றிதழ் வாங்கினார்கள். அதன் பிறகு போன முதல் பயணத்தில் தண்ணீரின் வெப்பநிலை 28 டிகிரி. "வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், நீச்சல் உடைக்கு மேல் மெல்லிய லைக்ரா உடை போதும்" என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். முதல் டைவ் சுகமாக இருந்தது. அன்றைய மூன்றாவது டைவில் இருபது நிமிடத்துக்குள் பற்கள் கிடுகிடுக்க ஆரம்பித்தன. விரல்கள் மரத்தன. சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் பிரஷர் கேஜைப் பார்க்கிறார், ஆனால் எண் மனதில் பதியவில்லை. படகில் ஏறியதும் அழுதுவிட்டார். ஷார்ட்டி (கையையும் காலையும் பாதி மட்டுமே மூடும் வெட்சூட்) மட்டும் போட்டிருந்த கணவர், "எல்லாம் மனசுதான், பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார். மறுநாள் வாடகைக்கு 3 மி.மீ. தடிமனுள்ள வெட்சூட், அதாவது குளிர் காக்கும் ரப்பர் உடை, எடுத்தார். குளிர் பெரிதாகக் குறையவில்லை. கழுத்திலும் அக்குளிலும் தடிப்புத்தான் வந்தது. இப்போது ஒன்பது நாள் பயணம் ஒன்று திட்டமிட்டிருக்கிறார்கள், தினமும் மூன்று டைவ். தன் உடம்பில் ஏதாவது கோளாறு இருக்கிறதா, 7 மி.மீ. சூட் வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமா, கணவர் எப்போதும் போல ஷார்ட்டியிலேயே இறங்கலாமா, அந்தத் தடிப்பு எதனால் வந்தது என்று கேட்டிருக்கிறார். "டைவிங் எனக்குப் பொருந்தாதோ" என்ற வரியோடு கடிதம் முடிகிறது.

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டைவிங் உங்களுக்குப் பொருந்தும், அன்று போட்டிருந்த உடைதான் பொருந்தவில்லை. படகில் ஏறி அழுததற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதே இல்லை. குளிர்ந்து களைத்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும்.

உங்கள் உடம்பின் கணக்கு

உடை ஏதும் இல்லாமல் தண்ணீரில் அசையாமல் இருக்கும் மனிதனுக்குச் சூடும் குளிரும் தெரியாத வெப்பநிலை 33 முதல் 35 டிகிரி வரை. அதற்குக் கீழே எந்தத் தண்ணீரும் உடம்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டேதான் இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது. அதனால்தான் 28 டிகிரி அறையில் விசிறி தேடும் நாம், 28 டிகிரி கடலில் ஒரு மணி நேரம் இருந்தால் நடுங்குகிறோம்.

அடுத்தது உடல்வாகு. நீங்கள் எழுதிய உயரத்தையும் எடையையும் வைத்துத் தோல் பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ எடைக்கு உங்களுக்கு இருக்கும் தோல், உங்கள் கணவருக்கு இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகம். சூட்டை உண்டாக்கும் தசை குறைவு, அதை இழக்கும் பரப்பு அதிகம், நடுவில் தடுப்பாக நிற்கும் கொழுப்பும் குறைவு. இதற்கு மனசு என்ன செய்யும்? உங்கள் கணவர் இந்தப் பத்தியை மட்டுமாவது படிக்க வேண்டும்.

முதல் டைவில் தெரியாமல் மூன்றாவதில் தெரிந்ததும் இயல்புதான். ஒவ்வொரு டைவிலும் இழந்த சூட்டை இடைவேளையில் உடம்பு முழுவதுமாக மீட்டுக்கொள்வதில்லை. கடன் ஏறிக்கொண்டே போகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் இந்த இழப்பு மிக மெதுவாக நடப்பதால் சிலருக்கு நடுக்கமே வராது. வெறும் அசதி, எதிலும் ஆர்வமின்மை, சின்னக் கணக்குகூடத் தடுமாறுவது என்றுதான் வெளிப்படும். கேஜைப் பார்த்தும் எண் பதியவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, நடுக்கத்தைவிட அதுதான் எனக்குக் கவலை தருகிறது. காற்று எவ்வளவு மிச்சம் என்று தெரியாத டைவர் பெரிய ஆபத்தில் இருக்கிறார். போதாக்குறைக்கு, நடுங்கும் உடம்பு அதிக ஆக்சிஜனைச் செலவழிக்கும். சிலிண்டரும் சீக்கிரம் காலியாகும்.

கோளாறு ஏதும் இருக்கிறதா என்ற கேள்விக்கு: தரையிலும் மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகமாகக் குளிர்கிறதா? காரணமில்லாத அசதி, முடி கொட்டுதல், மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாவது போன்றவை உண்டா? இருந்தால் தைராய்டுக்கும் ஹீமோகுளோபினுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தண்ணீரில் மட்டும்தான் என்றால் நான் நோயைத் தேட மாட்டேன்.

குளிர் வெறும் அசௌகரியம் இல்லை

இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் டைவ் படகுகளில் இதைப் பேசுவது குறைவு. அமெரிக்கக் கடற்படையின் டைவிங் ஆய்வுப் பிரிவு 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. டைவர்களைச் சுமார் 37 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் வைத்து, அடியில் இருக்கும்போதும் மேலே ஏறும்போதும் தண்ணீரின் வெப்பநிலையை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அடியில் குளிராகவும் ஏறும்போது சூடாகவும் இருந்தபோது டிகம்ப்ரஷன் நோய் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் ஏறும்போது குமிழாவதால் வருவது) மிகக் குறைவாக வந்தது. அடியில் சூடாகவும் ஏறும்போது குளிராகவும் இருந்தபோது, அடியில் செலவிட்ட நேரம் குறைவாக இருந்தும், நோய் பல மடங்கு அதிகமாக வந்தது. உடம்பு சூடாக இருக்கையில் திசுக்களுக்கு ரத்த ஓட்டம் கூடும், நைட்ரஜன் நிறைய உள்ளே போகும். ஏறும்போது குளிர்ந்தால் தோலிலும் கை கால்களிலும் ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்ளும். உள்ளே போன நைட்ரஜன் வெளியேறத் தாமதமாகும்.

அந்த ஆய்வில் 'சூடு' என்பது 36 டிகிரி, 'குளிர்' என்பது 27 டிகிரி. நீங்கள் இறங்கிய தண்ணீரைவிட ஒரே ஒரு டிகிரி குறைவு! அவை பொழுதுபோக்கு டைவ்களைவிட நீளமானவை, கடினமானவை. அதனால் அந்த எண்ணிக்கைகளை அப்படியே உங்களுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. இறங்கும்போது இதமாக இருந்து சேஃப்டி ஸ்டாப்பில், அதாவது மேலே வருமுன் கரைந்த வாயு வெளியேறச் சற்று நிற்கும் இடத்தில், நடுங்கிக்கொண்டு நிற்பதுதான் மோசமான வரிசை. லைக்ராவோடு மூன்றாவது டைவில் உங்களுக்கு நடந்தது அதுதான். ஆழத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்கிடும் உங்கள் டைவ் கம்ப்யூட்டருக்கு நீங்கள் நடுங்குவது தெரியாது. ஆகவே வெட்சூட்டைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் பத்து நிமிடத்தை நினைக்காதீர்கள். கடைசி நாளின் கடைசி டைவில், சேஃப்டி ஸ்டாப்பில் நிற்கும் அந்த மூன்று நிமிடத்தை நினைத்து வாங்குங்கள்.

வெட்சூட் பற்றி ஒரு தவறான எண்ணம்

"உள்ளே தங்கும் தண்ணீரை உடம்பு சூடாக்கும், அந்தத் தண்ணீர்தான் நம்மைக் காக்கும்" என்று பயிற்சியில் கேட்டிருப்பீர்கள். பாதிதான் சரி. காப்பது நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் வாயுக் குமிழ்கள். 1950-களின் தொடக்கத்தில் வெட்சூட்டை உருவாக்கிய ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் கண்டுகொண்டதே இதைத்தான்: பொருளுக்குள் வாயு அடைபட்டிருந்தால் போதும், தோல் நனைந்தால் பரவாயில்லை. உள்ளே புகும் தண்ணீர் ஒருமுறை உங்கள் உடம்புச் சூட்டைச் செலவழித்துவிட்டு, அங்கேயே அசையாமல் இருந்தால் தொல்லையில்லை. அது வெளியே போய்ப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் அதைச் சூடாக்குவது நீங்கள்தான்.

வாடகை சூட் ஏன் உதவவில்லை என்பதற்கு இதிலேயே விடை இருக்கிறது. உங்களைப் போன்ற ஒல்லியானவர்களுக்கு வாடகைச் சூட் இடுப்புக்குப் பின்புறமும் அக்குளிலும் தொளதொளவென்று நிற்கும். காலில் மாட்டிய துடுப்பின் ஒவ்வொரு அடிக்கும் முதுகில் தண்ணீர் வந்து போகும். அதோடு பலர் பலமுறை போட்ட சூட்டில் குமிழ்கள் நசுங்கிப் போயிருக்கும். லேபிளில் 3 என்று இருந்தாலும் கையில் 2 தான் தேறும். விரலால் கிள்ளிப் பாருங்கள். நல்ல நியோப்ரீன் உடனே உப்பி எழும், செத்தது அப்படியே கிடக்கும்.

ஆழமும் வெட்சூட்டை மெலிதாக்கும். 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. குமிழ்கள் அதற்கேற்பச் சுருங்கும். பல கடல்களில் ஆழத்தில் திடீரென்று நாலைந்து டிகிரி குறைந்த நீரடுக்கும் வரும். ஆகவே சூட் மிக மெலிதாகும் இடத்தில்தான் தண்ணீர் மிகக் குளிராகவும் இருக்கும்.

அப்படியானால் எத்தனை மி.மீ.?

7 மி.மீ. வேண்டாம். 28 டிகிரிக்கு அது மிகை, புதிய டைவருக்குச் சுமையும்கூட. தடிமன் கூடக் கூட சூட் அதிகமாக மிதக்கும், அதை அமிழ்த்த அதிக ஈயம் கட்ட வேண்டும். பிறகு ஆழத்தில் சூட் சுருங்கி மிதப்பை இழக்கும், ஈயம் மட்டும் அப்படியே இருக்கும். அதைச் சரிக்கட்ட பி.சி.டி.யில், அதாவது மிதப்பைச் சரிசெய்யும் அங்கியில், காற்றை ஏற்றுவீர்கள். ஏறும்போது சூட்டும் விரியும், பி.சி.டி.யில் உள்ள காற்றும் விரியும். கை பழகாதவர்கள் வேகமாக மேலே தூக்கப்படுவது இப்படித்தான். குளிருக்குப் பயந்து அதைவிடப் பெரிய ஆபத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது.

என் பரிந்துரை, உடம்போடு ஒட்டி நிற்கும் 3 மி.மீ. ஃபுல் சூட். அதற்குள் அணிய 1 அல்லது 2 மி.மீ. ஹூடட் வெஸ்ட், அதாவது தலைமூடியோடு கூடிய கையில்லாத உள்சட்டை. முதல் நாள் வெஸ்ட் இல்லாமல் இறங்கலாம். நாட்கள் போகப் போக அதைச் சேர்த்துக்கொள்ளலாம். நெஞ்சிலும் முதுகிலும் இரட்டை அடுக்கு, கை கால்களில் சுதந்திரம், கழுத்தின் வழியே தண்ணீர் நுழைவதும் குறையும். இதிலும் குளிர்ந்தால் அடுத்த படி 5 மி.மீ. தினம் மூன்று டைவ் என்னும்போது உங்கள் எடைக்கு அது தவறே இல்லை. யாராவது "இந்தத் தண்ணீருக்கு 5 மி.மீ.யா?" என்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்பார்கள், அது உண்மை இல்லை. தலை உடம்பின் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இழப்பும் அந்த அளவை ஒட்டித்தான். ஆனால் குளிரில் கை கால் ரத்தக் குழாய்கள் சுருங்குவது போலத் தலைத் தோலில் சுருங்குவதில்லை. உடம்பு முழுவதும் மூடித் தலையை மட்டும் திறந்து வைத்தால் அது திறந்த சன்னல்தான். அதனால்தான் ஹூடைச் சேர்த்தேன்.

லைக்ராவை ஒதுக்க வேண்டாம். சூடு காப்பதில் அது பூச்சியம்தான். ஆனால் வெயிலையும் பல ஜெல்லிமீன்களின் கொடுக்கையும் அந்த மெல்லிய துணியே தடுத்துவிடும். வெட்சூட்டுக்கு உள்ளே அணிந்தால் போடுவதும் கழற்றுவதும் எளிது.

வாங்கும்போது

போட்டதும் நின்றுகொண்டே முடிவு செய்யாதீர்கள். குந்தி உட்காருங்கள், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், ஆழமாக மூச்சை இழுங்கள். இடுப்புக்குப் பின்னால், அக்குளில், தொடைச் சந்தில் காற்று தங்கும் பை இருக்கக் கூடாது. தரையில் சற்று இறுக்கமாகத் தோன்றுவது சரி, தண்ணீரில் தளரும். ஆனால் மூச்சை முழுதாக இழுக்க முடியாவிட்டால் சரியில்லை. கழுத்துப்பட்டி மிக இறுகினால் அங்கிருக்கும் ரத்தக் குழாயின் உணர்நரம்புகள் அழுத்தப்பட்டு நாடித் துடிப்பு குறையும், தலை சுற்றும், மயக்கம்கூட வரலாம். பெண்களுக்கென்று வெட்டித் தைத்த சூட்டையே எடுங்கள். தையலில் ஊசித் துளை மறுபக்கம் வரை போகாமல், ஒட்டித் தைத்ததாக இருந்தால் உங்களுக்கு நல்லது.

புதுச் சூட் வந்ததும் ஈயக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். டைவ் முடிவில், சிலிண்டரில் 50 பார் அழுத்தத்தில் காற்று மிச்சம் இருக்கும்போது, பி.சி.டி.யைக் காலி செய்து, இயல்பாக மூச்சைப் பிடித்து நீர்மட்டத்தில் நிற்கப் பாருங்கள். கண் மட்டத்தில் மிதந்தால் எடை சரி. நிறைந்த சிலிண்டரோடு பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். வழக்கமான 11 லிட்டர் சிலிண்டரில் டைவ் முடிவதற்குள் சுமார் 2 கிலோ காற்று தீர்ந்துவிடும், அந்த அளவுக்கு நீங்கள் லேசாகிவிடுவீர்கள்.

கணவருக்கு

அவருக்கு ஷார்ட்டியில் குளிரவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் ஒன்பது நாள், 27 டைவ் என்பது வேறு கணக்கு. 2 அல்லது 3 மி.மீ. ஃபுல் சூட் போடச் சொல்லுங்கள். முழங்காலும் முழங்கையும் பவளத்தில் உரசிக் கிழிபடாமல் இருக்கவாவது அது வேண்டும்.

அதைவிட முக்கியமானது அவருடைய ரத்த அழுத்தம். தண்ணீரில் அமிழ்ந்தாலே கை கால்களில் உள்ள ரத்தம் நெஞ்சுக்கு நகர்கிறது, இதயத்தின் பளு கூடுகிறது. குளிரும், மார்பை இறுக்கும் வெட்சூட்டும், எதிர்நீச்சலும் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கசியும் நிலை வரலாம். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம், 50 வயதைத் தாண்டியவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. அளவு மீறி இறுகிய சூட்டை அவர் வாங்கக் கூடாது. பயணத்துக்கு முன் டைவிங் பற்றித் தெரிந்த மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். மாத்திரையை அவராக நிறுத்தவோ மாற்றவோ கூடாது. தண்ணீருக்குள் திடீரென்று மூச்சுத் திணறலோ இருமலோ வந்தால் 'பதற்றம்தான்' என்று தள்ளிவிடாமல், பாதுகாப்பான வேகத்தில் உடனே மேலே வந்து, தண்ணீரை விட்டு வெளியேறி, ஆக்சிஜன் எடுக்க வேண்டும்.

அந்தத் தடிப்பு

படம் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. கழுத்தும் அக்குளும் சூட் உரசும் இடங்கள்; அன்றே எரிச்சலோடு வந்திருந்தால் உரசல்தான். லைக்ராவும் கொஞ்சம் வாசலினும் போதும். ஓரிரு நாள் கழித்து அரிப்போடு வந்து, சூட் பட்ட இடமெல்லாம் பரவியிருந்தால் நியோப்ரீன் தயாரிப்பில் சேர்க்கும் தையோயூரியா வகைப் பொருட்களுக்கான ஒவ்வாமையாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனை) செய்து பாருங்கள். அதுதான் என்றால் நியோப்ரீன் இல்லாத, உள்ளே கம்பளிபோல் பஞ்சு வைத்த சூட்கள் இருக்கின்றன. 28 டிகிரிக்கு அவை நன்றாகவே வேலை செய்யும், கூடுதலாக ஈயமும் கேட்காது. முடிக்காலைச் சுற்றிச் சீழ்க்கொப்புளமாக இருந்தால் சரியாகக் கழுவாத சூட்டிலிருந்து தொற்றிய கிருமி.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டைவ் முடிந்த சில மணி நேரத்துக்குள் வயிறு, மார்பு, தொடைகளில் சலவைக்கல்லில் ஓடும் கோடுகளைப் போலச் சிவப்பும் நீலமுமாகத் திட்டுகள் தோன்றினால் அது சூட் செய்த வேலை இல்லை, டிகம்ப்ரஷன் நோயின் அறிகுறி. களிம்பு தடவிக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஆக்சிஜன் எடுத்துக்கொண்டு டைவிங் மருத்துவ உதவியை நாடுங்கள், மறுபடி தண்ணீரில் இறங்காதீர்கள்.

இரண்டு டைவ்களுக்கு நடுவில்

வெட்சூட்டுக்குச் செலவழிக்கும் யோசனையில் பாதியை இந்த ஒரு மணி நேரத்துக்குச் செலவிடுங்கள். நனைந்த வெட்சூட்டோடு காற்றடிக்கும் படகில் உட்கார்ந்தால், அதிலுள்ள ஈரம் ஆவியாகும்போது உங்கள் உடம்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். மேலே வந்ததும் கழற்றுங்கள், துடையுங்கள், காற்று புகாத ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், தலையையும் மூடுங்கள். சூடாக ஏதாவது குடிக்கலாம். மது கூடாது, அது தோலுக்கு ரத்தத்தைத் தள்ளி இன்னும் குளிர வைக்கும். டைவ் முடிந்த கையோடு வெந்நீர்க் குளியலுக்கும் ஓடாதீர்கள், தோல் திடீரென்று சூடானால் கரைந்திருக்கும் வாயு குமிழாவதற்கு வழி பிறக்கும். கொஞ்ச நேரம் போகட்டும். வெட்சூட்டில் சிறுநீர் வந்துவிடுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் அமிழ்ந்தாலே சிறுநீர் அதிகம் சுரக்கும், எல்லோருக்கும்தான். தாகத்துக்குக் குடியுங்கள், சூட்டை அப்புறம் கழுவிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேலை, இது உங்கள் இருவருக்கும். இரு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்து மேற்கைகளைத் தேய்ப்பதுதான் 'எனக்குக் குளிர்கிறது' என்பதற்கான டைவர்களின் சைகை. கிளம்புவதற்கு முன் அதை அவரோடு பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் ஒருமுறை காட்டினால் கேள்வி கேட்காமல் இருவரும் திரும்ப வேண்டும் என்று தரையிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.